மாடிக்குப் போன சீர்

எங்கள் அத்தையைக் கட்சியை விட்டு நீக்கிய செய்தியை அப்பாதான் பேப்பரில் பார்த்துப் படித்துக் காட்டினார். மேனாம்பேட்டில் எங்கள் வார்டுக்கு அத்தை கவுன்சிலர். குடிதண்ணீரில் சாக்கடை கலந்து வருகிறது என்று தெருப் பெண்கள் மறியலுக்கு உட்கார்ந்தபோது, சமாதானம் பேசப் போனவர், தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு அவர்களோடேயே உட்கார்ந்துவிட்டார். நகராட்சி அவருடைய கட்சியின் கையில் இருந்தது. அதனால் அது கட்டுப்பாட்டை மீறிய செயலாம். கட்சிக்காரர்கள் யாரும் அவரோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று செய்தி முடிந்தது.

அத்தை குடியிருந்தது எங்கள் வீட்டு மாடியில்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எதையும் வகை பிரித்துப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. அப்பா கட்சியில் வட்டத் துணைச் செயலாளர். அதனால் தன் அக்காவான அத்தையோடு அவர் பேசக் கூடாது. அம்மா உறுப்பினர் அட்டை வாங்கவில்லை, பேசலாம். எனக்கு ஓட்டே கிடையாது, தாராளமாகப் பேசலாம். இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிற பூனையின் நிலைதான் தெளிவாகவில்லை. இதை அப்பாவிடம் விளக்கியபோது அவர் சிரிக்கவில்லை.

மைக் செட்டும் நாற்காலியும் வாடகைக்கு விடுவது அப்பாவின் தொழில். கட்சிக் கூட்டம் இல்லாத மாதங்களில் எங்கள் வீட்டில் கறிக்குழம்பு கிடையாது. ஆகவே மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவதைக்கூட அம்மா வழியாகத்தான் விசாரித்தார்.

"மேல தண்ணி கீதான்னு கேளு."

"உங்க அக்காதானே, நீங்களே கேளுங்க. தலைவரா வந்து எட்டிப் பாக்கப் போறாரு?"

பொங்கல் வந்தது. கூடப் பிறந்தவளுக்குச் சீர் கொடுக்காத பொங்கல் அப்பாவுக்குக் கிடையாது. மாமா தவறிய வருஷம்கூட நிறுத்தவில்லை. இந்த முறை என்னிடம் கொடுத்தனுப்பலாம் என்றார் அம்மா. ஆனால் போகிக்கு முந்தின நாள் காலையில் அப்பா தானே வெள்ளை வேட்டி கட்டி, கரும்புக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பச்சரிசி, வெல்லம், புடவை வைத்த தட்டு என் கையில்.

எங்கள் மாடிப்படி வெளியே, தெருவுக்குத் தெரிகிற மாதிரி ஏறும். அந்த நேரம் பார்த்து, கட்சியின் பொங்கல் விழாவுக்கு நாற்காலி எடுக்க வட்டச் செயலாளர் ஆட்களோடு வாசலில் வந்து நின்றார்.

"இன்னா அண்ணாத்தே, கரும்பத் தூக்கிகினு எங்க கெளம்பிட்ட?"

"எங்க அக்காவுக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா ஏறினார்.

மேலே கதவு திறந்திருந்தது. அத்தை எங்களைப் பார்த்தார். அப்பாவின் தோளுக்கு மேலாகத் தெருவையும் பார்த்தார். நாங்கள் கடைசிப் படியை மிதிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

"யாரு கூப்ட்டா உன்ன? உன் சீரும் வாணாம், உன் ஒறவும் வாணாம். எறங்கு கீழ."

மைக் பழுதான கூட்டத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று பேசுகிற குரல் அது. கதவை ஒட்டி நின்ற எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

"அக்கா, கதவத் தொற" என்றார் அப்பா, மெதுவாக. கதவு திறக்கவில்லை. கரும்பை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்.

வட்டச் செயலாளர் அவர் தோளில் கை போட்டார். "உடு அண்ணாத்தே. இப்டியும் ஒரு அக்காவா? நாளைக்கு மைக் செட்டும் நீயே போட்டுரு."

அப்பா தலையை ஆட்டினார். நாற்காலிகளை எண்ணாமலேயே வண்டியில் ஏற்ற விட்டார்.

எனக்கு அத்தைமேல் கடுங்கோபம். இனி நானும் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். வண்டி போன பிறகு, மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்க அம்மா அனுப்பினார். போகிற வழியில் அத்தை வீட்டு ஜன்னல். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், பார்த்துவிட்டேன். அத்தை மூடிய கதவில் நெற்றியைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். கை தாழ்ப்பாளின்மேல் இருந்தது. வெளியே தட்டுவதற்கு யாருமே இல்லாதபோது அதை எதற்காக அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.