சாய்ந்த மின்விசிறி

என் பெரியம்மா மகளை எங்கள் தெருவில் எல்லாரும் ‘பல்டாக்டர் அக்கா’ என்பார்கள். டாக்டரெல்லாம் இல்லை. பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை. “வாயைத் தொறங்கன்னு அவர் சொல்வாரு, வாயை மூடிக்கிட்டு உட்காருங்கன்னு நான் சொல்வேன்” என்று சிரிப்பாள். பெரியம்மா பக்கவாதத்தில் விழுந்ததும் அந்த வேலை போயிற்று, சிரிப்பும் போயிற்று. ஆறு வருஷம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் முக்காலிதான் அவள் இடம். ஊட்டுவது, துடைப்பது, சாப்பிடுவது, உட்கார்ந்தபடியே தூங்குவது எல்லாம் அதில்தான்.

தம்பி ஒருவன் உண்டு. வெளிநாட்டில் பெரிய கலைஞன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீடியோ காலில் தலை காட்டுவான். அக்கா போனைப் பிடித்துக்கொண்டிருப்பாள். கை வலித்தால் தலையணைமேல் சாய்த்து வைப்பாள். அம்மா வாயோரம் கஞ்சி ஒழுகுகிறதே என்று துடைக்கக் குனிந்தால், “அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோ, மறைக்குது” என்பான். அம்மாமேல் அவ்வளவு பாசம்! நேரில் வரத்தான் துரைக்கு நேரமில்லை. பெரியம்மா போய்ச் சேர்ந்தபோது கடைசியாக முகம் பார்த்ததும் போனில்தான்.

அடுத்த வருஷம் வந்தான், கண்காட்சி வைக்க. அக்கா நல்ல துணியாகத் தேடி எடுத்து இஸ்திரி போட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“அம்மா படுத்திருந்த அந்த ஆறு வருஷத்தைத்தான் செஞ்சிருக்கானாம்டி. என்னையும் ஏதாவது ஒரு மூலைல வச்சிருப்பான்.”

அந்த ஒரு மூலைக்காகத்தான் அவள் வந்தாள். வேறு எதையும் அவள் அவனிடம் கேட்டதில்லை.

உள்ளே பெரிய வெள்ளை அறை. நடுவில் பாதியோடு அறுத்துவிட்ட கட்டில், அதில் ஒரு தலையணை. மேலே ஒரு பக்கமாகச் சாய்ந்த மின்விசிறி, அதிலும் ஒரு இறக்கை இல்லை. அந்தரத்தில் தொங்கும் அரை ஜன்னல். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. சுற்றி நின்றவர்களுக்கு எல்லாம் புரிந்திருந்தது. உடைந்த காலம் என்றார் ஒரு அம்மாள். “இந்தச் சாய்வு இருக்கே, இது நம்ம நாகரிகத்தோட சாய்வு” என்று ஒரு தாடிக்காரர் அளந்து விட்டார்.

அக்கா கட்டிலருகே போய்க் குனிந்து, தலையைச் சாய்த்து மேலே பார்த்தாள்.

“தலையணைலேருந்து பார்த்தா ஃபேன் இப்படித்தாண்டி தெரியும். கட்டிலும் பாதிதான் படத்துல விழும். போன்ல பார்த்ததை அப்படியே செஞ்சு வச்சிருக்கான்.”

சொல்லிவிட்டுக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஆட்கள் நடுவில் நின்ற தம்பியிடம் போய்க் கேட்டே விட்டாள்.

“முக்காலியைக் காணோமேடா?”

“எந்த முக்காலி?”

அவன் நடிக்கவில்லை. நடித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அக்கா வாசலுக்குப் போனாள். காவலாளியின் முக்காலியைத் தூக்கி வந்து கட்டிலின் பக்கத்தில், இருக்க வேண்டிய இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். கை தானாகப் போய்த் தலையணையைச் சரி செய்தது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாடிக்காரர் இதுவும் கலையில் சேர்த்தி என்று நினைத்துத் தலையை ஆட்டினார். “அம்மா, அங்க உட்காரக் கூடாது” என்று காவலாளி பதறினான்.

தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவள் முகத்தையே பார்த்தபடி வந்தான். இப்போதாவது உறைத்ததே என்று நான்கூட நம்பிவிட்டேன். அக்காவும் நம்பினாள், நிமிர்ந்து பார்த்தாள்.

“அக்கா, போட்டோ எடுக்கிறாங்க. கொஞ்சம் தள்ளிக்கோ, மறைக்குது.”

அக்கா தள்ளிக்கொண்டாள். ஆறு வருஷப் பழக்கம்.