சகாயமேரியின் பாடு

சகாயமேரி அக்கா இறந்த செய்தி எனக்குப் படமாக வந்தது. மீஞ்சூர் ஷிப்டுக்குப் போக அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். எங்கள் மெல்லிசைக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வந்து விழுந்தது. அதில் அக்காவின் முகம், கையில் ஒரு பேஸ் கிட்டார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் என் கண்ணில் பட்டது சாவு அல்ல, கிட்டார்தான். இது அக்காவுடையது இல்லையே என்றுதான் தோன்றியது. ரத்தச் சிவப்பு வார்னிஷும் ஒல்லிக் கழுத்துமாக, எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வெளிநாட்டு கிட்டார் அது. அதற்குப் பிறகுதான் 'இறைவனில் இளைப்பாறுகிறார்' என்ற வரியைப் படித்தேன். முந்தின நாள் மாலை பொன்னேரி மார்க்கெட்டில் இறால் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழவே இல்லை. என் ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

குப்பத்தில் அக்காவின் வீட்டு வாசலில் அதே பேனர் ஆளுயரத்துக்கு நின்றது. யார் செய்த வேலை இது என்று கோபமாகத்தான் கேட்டேன். அக்காவின் தம்பி ஆரோக்கியம் அழுதுகொண்டே முன்னால் வந்தான். "நாந்தான் மாத்திப் போடச் சொன்னேன். உயிரோட இருந்தப்போ வாங்கிக் குடுக்க முடியல. இப்பவாச்சும் நல்ல கிட்டாரு புடிச்சிக்கினு இருக்கட்டும்னு" என்றான். அவனை நான் என்ன சொல்ல? அன்பாகச் செய்த தப்பு. ஆனால் அன்று பேசியவர்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பாவம், வாங்க வழியில்லாமல் தானே ஒரு கிட்டாரைச் செய்துகொண்டார் என்றார்கள். ஏழ்மையிலும் இசையை விடவில்லை என்றார்கள். அக்காவைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் 'பாவம்' பேச்சை நீங்களும் நம்பிவிடக் கூடாது.

குழுவில் முதலில் பேஸ் வாசித்தவன் நான். மாமன் மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கிட்டார் என்னிடம் இருந்தது, அதனால் அந்த இடமும் என்னுடையதாக இருந்தது. அக்கா மாதா கோயில் பாடகர் குழுவில் பழைய கிட்டார் ஒன்றில் கற்றுக்கொண்டவர். ஒருநாள் ஒத்திகைக்கு வந்து, தனக்கும் வாசிக்க இடம் வேண்டும் என்றார். ஒரு குழுவுக்கு ஒரு பேஸ்தான் என்று நான் சட்டம் பேசினேன். நாங்கள் மீன் பிடிக்கும் ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை விடுவது என்று குலுக்கிப் போட்டுப் பிரித்துக்கொள்வது. எங்கள் குப்பத்தில் அது கல்யாணமான ஆண்களுக்கு மட்டும்தான். அக்கா என்னை நேராகப் பார்த்து, "ஏரியிலதான் எனக்குப் பாடு கெடையாது. இங்கயுமா சேகரு?" என்றார். ஒரு பாட்டு நான், அடுத்த பாட்டு அவர் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

என் கிட்டாரை அவரிடம் கொடுத்தேன், இரவலாக அல்ல, வைத்துக்கொள்ளுங்கள் என்றே. மூன்று மாதம் வைத்திருந்தார், என் முறைக்கு அதையே வாங்கி வாசித்தேன். பிறகு உறையோடு கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். நல்ல கிட்டார்தான், ஆனால் கழுத்து தனக்குச் சேரவில்லை என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் கிட்டாரின் கழுத்து கண்ணாடி போல வழவழவென்றிருக்கும், அதைத்தான் நான் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வேன். "காஞ்ச கைல வழுக்குது. வேர்த்த கைல ஒட்டுது. நம்ம ஊர்ல எவன் கை காஞ்சிருக்குது?" என்று கேட்டார். உப்புக்காற்றில் நானும் மூன்றாவது பாட்டிலேயே உள்ளங்கையை வேட்டியில் துடைக்கிறவன்தான். ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. சின்ன வயதில் கெளுத்தி முள் குத்தி இடது சுண்டுவிரல் மடங்காமல் போயிருந்தது. நீளக் கழுத்தில் மூன்று விரலால் எட்டிப் பிடித்தால் மணிக்கட்டு கடுக்கும். கழுத்து ஒல்லியாக இருந்தால் கட்டைவிரலுக்கு அண்டக்கொடுக்க ஒன்றும் இல்லாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும். துடுப்பின் பிடி அப்படியா இருக்கிறது, கை நிறைய இருந்தால்தானே இறுக்காமல் பிடிக்கலாம் என்று கேட்டார். தனக்கென்று ஒரு கிட்டார் செய்ய, கோயில் பழுதுபார்க்கும்போது கழற்றிப்போட்ட ஜன்னலிலிருந்து ஒரு தேக்குச் சட்டத்தைப் பங்குத் தந்தையிடம் கேட்டு வாங்கினார். பொன்னேரி ஆசாரி ஒருவர் உடலையும் கழுத்தையும் அறுத்துக் கொடுத்தார். கழுத்தின் முதுகை மட்டும் ஆசாரியை இழைக்க விடவில்லை. அதை அக்காவே அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். தடித்த தந்திப் பக்கம் பருத்து, மெல்லிய தந்திப் பக்கம் இளைத்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லாத கழுத்து. வார்னிஷ் கிடையாது, எண்ணெய் மட்டும்.

அதில் ஒரு கூத்து நடந்தது. கழுத்தின் குறுக்கே சுரம் பிரிக்கும் உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளைப் பதிக்க அக்கா கையில் எடுத்த அளவுகோல், வலைக்கண் ஒரே அளவாக வரப் பிடிக்கும் சின்னப் பலகை. மேலிருந்து கீழ்வரை எல்லா ஃப்ரெட்டும் சம இடைவெளி, போகப் போக நெருங்க வேண்டியவை. பார்க்க அத்தனை அழகு. வாசித்தால் இரண்டாவது சுரத்திலேயே கீபோர்டு ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். குழு மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது, அக்காவும்தான். பிறகு அத்தனை ஃப்ரெட்டையும் பிடுங்கிப்போட்டு, என் கிட்டாரின் அளவைப் படியெடுக்க ஒரு நீளக் காகிதத்தோடு என்னிடம் வந்தார். என் அளவை எடுத்தால் கழுத்து மறுபடி நீளமாகத்தானே வரும் என்று கேட்டேன். "உன்னோடதுல மொதல் ரெண்டு கட்டம் எனக்கு வேணா. மூணாவதுலேர்ந்து எடுத்துக்கறேன்" என்றார். அப்படியே செய்தார். இரண்டு கட்டம் குறைந்த கழுத்தில் எல்லாச் சுரமும் கச்சிதமாக நின்றன. அந்தச் சூட்சுமம் என் புத்திக்கு எட்டியிருக்காது.

அதில் குறையே இல்லை என்று புளுக மாட்டேன். தலைப்பக்கம் கனம், விட்டால் தொங்கும். அதற்காக அக்கா தோள்வாரின் பின்முனையில் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளைக் கோத்திருந்தார். கடைசி நாலு ஃப்ரெட்டில் தந்தி இரையும், அங்கே அவர் போகவே மாட்டார். என் கிட்டார் கழுத்துக்குள் கம்பி இருக்கிறது, மழைக்காலத்தில் வளைந்தால் சாவி போட்டுத் திருகி நிமிர்த்தலாம். அக்காவுடையதில் அது கிடையாது. வளைந்தால் வளைந்ததுதான். வேகமாக மேலும் கீழும் ஓட வேண்டிய பாட்டுக்கு என்னுடையதுதான் உசத்தி என்று அவரே சொல்வார். ஆனால் ஆடி மாதத் திருவிழாவில் நாலு மணி நேரம் நின்று வாசித்த பிறகு கையை உதறியவன் நான். அவர் உதறியதில்லை.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார், வீடியோவில் நன்றாக இருக்காது, அந்தப் பளபளப்பானதையே அந்த அம்மாவும் மாட்டிக்கொள்ளட்டும் என்று எங்கள் குழுத் தலைவரிடம் சொல்லியனுப்பினார்கள். தலைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா மைக் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், "வீடியோவுக்கு ஒண்ணு, வாசிக்கறதுக்கு ஒண்ணுன்னா எனக்கு இன்னும் ரெண்டு கை வோணும்" என்றார். பந்தல் முழுக்கக் கேட்டது. தன்னுடையதையே வாசித்தார். இவரைத்தான் செத்த பிறகு ஒரு பேனரில் பிடித்து அப்படி ஒன்றை மாட்டவைத்தார்கள்.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் நான் பொன்னேரிக்குப் போய், பேனர் கடைக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து படத்தை மாற்றினேன். தேக்கு நிறக் கழுத்து, தோள்வாரில் ஈயக்குண்டு, மடங்காத சுண்டுவிரல், எல்லாம் உள்ளபடி. பூசை முடிந்து கோயில் வாசலில் எங்கள் குழு வாசிக்கத் தயாரானபோது, ஆரோக்கியம் அந்தப் பேனரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வீட்டுக்குப் போய் அக்காவின் கிட்டாரை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தான்.

முதல் பாட்டு என் பாடு, என் கிட்டாரில் வாசித்தேன். இரண்டாவது பாட்டுக்கு அக்காவுடையதை மாட்டினேன். நான் எதிர்பார்க்கும் இடத்துக்கு முன்னாலேயே ஃப்ரெட் வந்து நின்றது. பருத்த பக்கம் உள்ளங்கையில் முட்டியது. மூன்று இடத்தில் தவறினேன், எல்லோருக்கும் கேட்டது. தலைவர் காதருகே வந்து, உன்னுடையதிலேயே வாசித்துவிடேன் என்றார். "இது அக்கா பாடு" என்றேன்.

பூசைக்கு வந்திருந்த பொன்னேரி ஆசாரி மறுநாள் போன் செய்தார். கழுத்தை என் கைக்கு ஏற்ற மாதிரி இரண்டே நாளில் இழைத்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்தக் கழுத்திலிருந்து ஒரு தூள் உதிர விடமாட்டேன். அக்காவிடமிருந்து எனக்கு என்று மிஞ்சியது அந்தக் கிட்டாரும் அந்த முறையும்தான். ஒன்று விட்டு ஒரு பாட்டு இனியும் அவருடையது. அதை யாரும் குலுக்கிப் போட்டு வேறு ஒருவருக்குக் கொடுக்க முடியாது. கொஞ்ச நாள் தப்பும் தவறுமாகத்தான் வாசிப்பேன். மாற வேண்டியது என் கை. அதுவரை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.