காற்று நுழையாத வீடு

தெருவில் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவள் தையலக்கா. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே வம்பு பேசுவாள். ஒரு ஊசி கீழே விழாது. யாருக்கும் பயப்படாதவள் என்று பெயரெடுத்தவள்தான். ஆனால் காற்று கொஞ்சம் பலமாக வீசினால் முகம் வெளிறிவிடும். முன்பு அடித்த ஒரு புயலில் அவள் வீட்டு வாசற்கதவு பிய்த்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது. புகுந்த காற்று அடியிலிருந்து முட்டித் தள்ளி, தகரக் கூரையை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. தையல் மெஷினைக் கட்டிக்கொண்டு, திறந்த வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் அவள்.

பிறகு கூரையைக் காங்கிரீட்டாக மாற்றினார்கள். கதவு, ஜன்னல் பொறுப்பை மட்டும் அவள் யாரிடமும் விடவில்லை.

"அக்கா, இந்தக் கதவு யானை முட்டினாக்கூட அசையாது" என்றார் கதவு, ஜன்னல் விற்கும் கடைக்காரர்.

"யானைக்குக் கண்ணு தெரியும், ஒதுங்கிப் போயிடும். காத்துக்கு என்ன தெரியும்? இது எந்தப் பக்கம் திறக்கும்?"

"உள்பக்கம்."

"அப்ப வேணாம். வெளிப்பக்கம் திறக்கிறதைக் காட்டுங்க. காத்து தள்ளத் தள்ள நிலையோட ஒட்டிக்கணும்."

ஜன்னல்களும் அப்படியே, வெளிப்பக்கம் திறப்பவை. கண்ணாடி இரண்டு அடுக்கு, நடுவே பிலிம்; உடைந்தாலும் சிதறாது. விளிம்பு முழுக்க ரப்பர். நிலைகளை வெறும் பூச்சில் பொருத்தவிடாமல், காங்கிரீட்டுக்குள் போல்ட் இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். உள்பக்கம் கனத்த கம்பியில் கிரில். பக்கத்து வீட்டு வெல்டர்தான் பற்றவைத்துக் கொடுத்தார்.

பஸ் ஓட்டும் கணவன் தலையில் அடித்துக்கொண்டான். "நீ வீடு கட்டுறியா, பேங்க் லாக்கர் கட்டுறியா?"

"லாக்கர்னே வச்சுக்குங்க. உள்ள இருக்கப்போறது உங்கப்பாதான்."

மாமனார் ஓய்வு பெற்ற கண்டக்டர். காது மந்தம், முழங்கால் மடங்காது. மருமகளின் ஏற்பாட்டை அவர் ஒருவர்தான் மெச்சினார்.

அடுத்த புயல் பட்டப்பகலில் வந்தது. கணவன் டிப்போவில் மாட்டிக்கொண்டான். வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும். வெளியே தகரங்கள் பறந்தன, கம்பங்கள் சாய்ந்தன. உள்ளேயோ ஒரு திரைச்சீலைகூட ஆடவில்லை. ரப்பர் சத்தத்தைக்கூட உள்ளே விடவில்லை. தையலக்காவுக்கு மனம் குளிர்ந்தது. விட்ட இடத்திலிருந்து ஒரு சட்டைக்குப் பட்டன் தைக்க உட்கார்ந்தாள்.

திடீரென்று தரை அதிர்ந்தது. அறை இருண்டது.

எதிரே நின்ற பெரிய மரம் வீட்டின் முகப்பில் அப்படியே சாய்ந்திருந்தது. அடிமரம் கதவில், கிளைகள் இரு ஜன்னல்களிலும். கதவைத் தள்ளிப் பார்த்தாள். மயிரிழைகூட நகரவில்லை. ஜன்னல்களும் அப்படித்தான். போனிலும் சிக்னல் இல்லை. அது வரிசை வீடு. மற்ற மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர்.

"மரம் விழுந்தா என்னம்மா, வீடுதான் நிக்குதே" என்றார் மாமனார். அவர் சொல்லி முடிப்பதற்குள் குளியலறைத் துளை வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கி வந்தது. தெருவைவிடப் பள்ளமான வீடு, சாக்கடை எதிர்த்துக்கொண்டு ஏறியது. கணுக்கால், பிறகு முழங்கால். அவரைக் கட்டிலில் ஏற்றி, கட்டிலுக்கு மேல் மேசையைப் போட்டு அதில் உட்காரவைத்தாள்.

தொண்டை கிழியக் கத்தினாள். தெருவில் வெல்டர் குடை கவிழ்ந்து ஓடுவது இலைகளின் இடுக்கில் தெரிந்தது. அவர் திரும்பவே இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன் குரல் வெளியே போகவில்லை. போகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து அடைத்தவள் அவளேதான். கை கால் விறைத்துப்போய் நின்றாள். தொடையில் ஏறிய தண்ணீர்தான் அவளை உலுக்கியது.

சுத்தியலை எடுத்துக் கம்பிகளுக்கிடையே ஓங்கி அடித்தாள். கண்ணாடி சிலந்திவலை மாதிரி விரிசல் விட்டதே தவிர ஒரு சில்லும் உதிரவில்லை. அடித்தாள், அடித்தாள். "விழுந்து தொலையேன், சனியனே!" என்று அழுதாள்.

"என்னம்மா, எதாவது வழி உண்டா?" மாமனாரின் குரலில் முதன்முறையாக நடுக்கம்.

அவள் துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோலை எடுத்தாள். நொறுங்கிய இடத்தில் குத்தி, பிலிமைத் துண்டு துண்டாக அறுத்தாள். விரல்களில் ரத்தம் வழிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்ததும் வாயைக் கம்பிக்கு நடுவே வைத்து அலறினாள்.

வெல்டர் வந்தார். பின்னாலேயே நாலு பேர் வந்தார்கள். கிளைகளை வெட்டி ஒதுக்கிவிட்டு, கண்ணாடியைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். மிச்சம் கிரில். கரண்ட் இல்லை, கை ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும்.

"எந்தப் பாவி இவ்வளவு கெட்டியா பத்த வச்சான்?" என்று வெடித்தார் ஒருவர்.

"நான்தான்" என்றார் வெல்டர், அறுப்பதை நிறுத்தாமல். அவர் கன்னத்தில் வழிந்தது மழையா கண்ணீரா என்று தெரியவில்லை.

கட்டிலோடு மேசையும் ஆடத் தொடங்கியபோது இரண்டாவது கம்பி விட்டது. மாமனாரைத் தலைப்பக்கம் ஒருவரும் கால்பக்கம் ஒருவருமாகப் பிடித்து இழுத்தார்கள். அவளை இழுத்தபோது அவள் கையில் கத்திரிக்கோல் இன்னும் இருந்தது. விரல்களைப் பிரித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது.

கணவன் வந்து வீட்டைப் பார்த்தான். நிலை அசையவில்லை, சுவரில் கீறல் இல்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பல வாரங்கள் அவள் எந்தக் கதவையும் சாத்தவிடவில்லை. தைக்க உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பிறகு ஒரு நாள் தானாகவே கடைக்குப் போனாள். கண்ணாடி ரகத்தை மாற்றவில்லை, கதவையும் மாற்றவில்லை. காற்றை அவை தடுத்தது உண்மைதானே. ஒரு ஜன்னலை மட்டும் உள்பக்கம் திறப்பதாகவும், அதன் கிரிலை உள்ளேயிருந்தே கொக்கி கழற்றி மடக்குவதாகவும் கேட்டாள்.

"இது ரொம்ப சுலபம்க்கா, குழந்தைகூடத் திறக்கும்" என்றார் கடைக்காரர்.

"வாயால சொல்லாதீங்க" என்றாள். மாதிரிக்கு நிறுத்தியிருந்த ஜன்னலுக்குப் பின்னால் போய், கிரிலைச் சாத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கொக்கியைத் தடவினாள். விரல்கள் இரண்டு முறை கொக்கியைத் தவறவிட்டன. கடைக்காரர் உதவிக்குக் கை நீட்டினார்.

"தொடாதீங்க. நானே வர்றேன்."

கொக்கி கழன்றது. கிரிலை மடக்கி, ஜன்னலை உள்பக்கம் இழுத்துத் திறந்தாள். அவள் சேலையைத் தூக்கிச் செருகி, ஜன்னலில் ஏறி வெளியே குதித்தாள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.