கசப்பைக் குடித்தவள்

பெரிய வெள்ளிக்கிழமை. பாகற்காயை அரைத்துச் சாறு பிழிந்துகொண்டிருந்தேன். எங்கள் கடலோர ஊரான விழிஞ்ஞத்தில் அன்று சிலுவைப்பாதை முடிந்ததும் அதைக் குடிப்போம்; சிலுவையில் ஆண்டவருக்குக் கொடுத்த கசப்பின் நினைவாக. வாசலில் கட்சிக்காரர் ஒருவர் நோட்டீஸ் நீட்டினார்.

"சேச்சி, நம்ம ஆண்டவர் சிலுவையில சாகவே இல்லன்னு முஸ்லிம்கள் சொல்லுதாங்க, அறியுமோ? இந்தத் தடவ யோசிச்சு ஓட்டுப் போடணும்."

கை முழுக்கப் பாகற்காய் வாசனை. அந்த வாசனையில் எனக்கு மறுபடியும் எட்டு வயதாகிவிட்டது.

அந்த வருடப் பெரிய வெள்ளியன்றும் சிலுவைப்பாதையில் அழுது வீங்கிய முகத்தோடு அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா பாகற்காயை விதையோடு அம்மியில் வைத்து, யார் மீதோ கோபம்போல அரைத்துக்கொண்டிருந்தாள். என்னோடு படித்த பக்கத்து வீட்டு நபீசா வந்து என் தோளைத் தட்டினாள்.

"எதுக்கு அழுவுத? ஈசா நபி, உங்க ஏசு, சாவவே இல்ல. படச்சவன் மேல எடுத்துக்கிட்டான்."

அம்மாவின் குழவி நின்றது. "சாவாம எப்பிடிட்டி உயிர்த்தெழுவாரு?"

"எங்க மதரசா உஸ்தாது சொன்னாரு."

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா எனக்குச் சாறு ஊற்றியதும் நபீசாவும் கை நீட்டினாள். நான் தனியாகக் கசப்பு குடிக்கக்கூடாதாம். ஒரே மடக்கு. கண்ணில் நீர் முட்ட, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இப்பவும் சொல்லுதேன், அவரு சாவல்ல."

ஆண்டவர் மரித்தார், உயிர்த்தார். அதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. இப்போது அடுத்த தெருவில் இருக்கும் நபீசாவுக்கும் அவள் சொன்னதில் மாற்றமில்லை. அந்தச் சண்டை எங்களுடையது. யாருக்கும் இரவல் கிடையாது.

நோட்டீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாகற்காய்ச் சாறு ஊற்றிய டம்ளரை அவர் முன் நீட்டினேன்.

"அறியும் ஓய். எனக்க மூஞ்சிக்கு நேரா சொன்னவ, இதக் குடிச்சிட்டுச் சொன்னா. நீரும் குடிச்சிட்டுச் சொல்லும்."