அலுமாரிக்குள் இருந்த பம்ப்

வியா மக்வேதா தெருவில் ஒரு மருந்துக்கடை வாசலில், ஒரு தாய் மகனின் வாயில் ஆஸ்துமா பம்பை வைத்து அழுத்தினாள். அந்தச் சீறல் சத்தம் கேட்டதும் நான் மறுபடி பத்து வயதுப் பிள்ளையாகிவிட்டேன்.

சந்தைக்குப் பக்கத்தில், அல்பெர்கேரியாவில்தான் எங்கள் பள்ளிக்கூடம். தம்பி அன்ரனுக்கு இழுப்பு வந்ததும், இந்த நாட்டுப் பாஷை தெரியாத அம்மாவோடு தொலைபேசியில் தமிழில் கதைக்க என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். தம்பி உதடு நீலம் பாரித்து, மேசையைப் பிடித்தபடி இருந்தான். அவனுடைய பம்ப் ஆசிரியையின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. வைத்தியரின் கடிதம் இல்லாமல் பிள்ளைக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்பது பள்ளிக்கூடத்தின் விதி.

பக்கத்து ஊரான பகேரியாவில் வீட்டுவேலையில் இருந்த அம்மா தொலைபேசியில் கத்தினார். "குடுக்கச் சொல்லு பிள்ளை! தாய் நான் சொல்லுறன், குடுக்கச் சொல்லு!"

சொன்னேன். "என்னால் முடியாது, அம்புலன்ஸ் வருகிறது" என்று ஆசிரியையும் அழுதார். அம்புலன்ஸ் சந்தைச் சனத்துக்குள் சிக்கிக்கொண்டது. அது வந்து சேர்ந்தபோது தம்பி என் மடியில் அசைவில்லாமல் கிடந்தான்.

ரயில் பிடித்து ஓடிவந்த அம்மா என்னிடம் கேட்டார்: "என்னைத் தேடினவனோ?"

"ஓம் அம்மா, உங்களைத்தான் கேட்டவன்."

இன்றும் கோயிலில் யாரைக் கண்டாலும் அம்மா அதைத்தான் சொல்லி அழுகிறார். ஆனால் அன்று தம்பிக்கு ஒரு சொல் சொல்லக்கூட மூச்சு இருக்கவில்லை.