மெத்தை சுமந்து சங்கம் வைத்த ஆண்டியப்பன்

நானுஓயா ஸ்டேசனில் ஆண்டியப்பனைப் பற்றி விசாரித்தால் ஒருவர் பெரிய சோம்பேறி என்பார், இன்னொருவர் பெரிய தலைவர் என்பார். இரண்டும் உண்மைதான். இரண்டும் ஒரே நாளில், ஒரே மெத்தையில் நடந்தவை.

ஆண்டியப்பன் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். பெரிய கங்காணி நடப்பதுபோல அவருக்கு முன்னாலேயே நடந்து காட்டியதற்காக அங்கே வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டி விரட்டிவிட்டார்கள். கங்காணிக்கு ஒரு கால் சற்று வளைவு. அந்த வளைவைக்கூட விடாமல் நடந்திருக்கிறார் மனுசன். பிறகு நானுஓயாவுக்கு மேலேயுள்ள தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமியைக் கட்டிக்கொண்டு, தோட்டத்து வரிசைக் குடியிருப்பான அவளுடைய லயத்தில் குடியேறினார். லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை, அவள் பேரில் இருந்தது. அந்த வீட்டில் யார் சொல்லுக்கு மரியாதை என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வேலை, சிவசாமி முதலாளியின் லொறிக் கொம்பனியில். ரயிலில் வரும் சாமான்களை நுவரெலியாக் கடைகளுக்கும் துரைமார் பங்களாக்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தக் கொம்பனியின் தொழில். லொறி இரண்டு. ஒன்று ஓடும், மற்றது எப்போதும் கராஜில் கிடக்கும். சுமை தூக்க ஆறு பேர். கூலி மணிக்கணக்கில்.

மணி என்றால் கடிகாரத்து மணி என்று நினைத்துவிடாதீர்கள். சிவசாமி முதலாளியின் மாமனார் பெரிய கங்காணியாக இருந்து சம்பாதித்தவர். மருமகனுக்குச் சீதனமாகப் பணத்தோடு புத்தியும் வந்திருந்தது. சரக்கு முதுகில் ஏறினால் மணி ஓடும், முதுகிலிருந்து இறங்கினால் நிற்கும் என்று சட்டம் போட்டார். ஏறும்போது ஒரு தரமும் இறங்கும்போது ஒரு தரமும் கிளாக்கர் துரைராசா தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் இரும்பால் அடிப்பார். ரயில் பிந்தினாலும், லொறி மலையேறிப் போய்த் திரும்பாவிட்டாலும் அந்த நேரமெல்லாம் கொம்பனியைச் சேராது. சரி என்று வீட்டுக்குப் போய்விடவும் முடியாது. போனவனுடைய இடத்தில் மறுநாள் வேறொருவன் நிற்பான்.

இப்படியாக, விடிய முன் போய் இருட்டி வருகிற ஆண்டியப்பனுக்கு ஒரு சினிமாப்படம் ஓடுகிற நேரத்துக்குத்தான் கூலி விழுந்தது. கூலி குறைந்ததை நாகலெட்சுமி பொறுத்துக்கொண்டாள். நேரம் குறைந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"கொம்பனி ரெண்டு மணி நேரத்துக்குத்தான் குடுத்திருக்கு. மிச்ச நேரம் எங்க இருந்தீங்க?"

"ஸ்டேசன்லதான் புள்ள. ரயிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்."

"எங்க தோட்டத்துல காலைல பேரு பதியிற பெரட்டுக்கு வந்து நின்னாலே, மழை கொட்டினாலும் அரைப் பேரு, அரை நாள் கூலி போடுறான். வெள்ளைக்கார தொரையே போடுறான். காத்துக்கிட்டு நின்னவனுக்கு நம்ம ஆளு ஒண்ணுமே போட மாட்டானா? யாருக்குக் கதை சொல்றீங்க?"

தோட்டத்துச் சட்டத்தை வைத்துக் கொம்பனியை அளந்தால் இப்படித்தான் வரும். மிச்ச நேரத்துக்கு ஒரு பொம்பளை தேவைப்பட்டது. லயத்துக்காரர்கள் அதையும் தேடிக் கொடுத்தார்கள். ஸ்டேசன் வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த செரீபா. செரீபா உம்மாவுக்கு ஆண்டியப்பன் வயதில் மகன் இருந்தான். லயத்து வாய்களுக்கு அது ஒரு தடையே இல்லை.

"அடுத்த சம்பளத்துக்குள்ள ஸ்டேசன்ல நிக்கிற நேரமும் கொம்பனி குடுக்கிற நேரமும் ஒத்து வரணும். இல்லாட்டி உங்க துணிமூட்டையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புங்க" என்று நாகலெட்சுமி சொல்லிவிட்டாள்.

தொழிலாளர் உரிமை, அது இது என்று பெரியவர்கள் மேடையில் என்னென்னமோ சொல்கிறார்கள். ஆண்டியப்பன் சங்கம் தேடிப் புறப்பட்டது பெண்டாட்டி வீட்டுக்குள் விட வேண்டும் என்பதற்காக.

ஹட்டனிலிருந்த தோட்டச் சங்கத்துக்குப் போனார். அங்கிருந்தவர் கேட்டார்: "தோட்டத்துச் செக்ரோல் பதிவுல உங்க பேரு இருக்கா?"

"என் சம்சாரம் பேரு இருக்குங்க."

"அப்ப அவங்களுக்கு ஏதும் பிரச்சினைன்னா வரச் சொல்லுங்க."

"அவங்களுக்கு நான்தாங்க பிரச்சினை."

டவுன் சங்கத்துக்குப் போனால், லயத்தில் இருப்பவர்கள் தோட்டச் சங்கத்துக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். ஏழு பேர் சேர்ந்தால் சொந்தமாகவே சங்கம் வைக்கலாம் என்று ஒரு நல்ல மனுசன் மட்டும் சொல்லி அனுப்பினார். இவர்களோ ஆறு பேர். ஏழாவது ஆளாகக் கிளாக்கர் துரைராசாவைக் கேட்டுப் பார்த்தார்கள்.

"நான் மேசையிலை இருந்து வேலை செய்யிற ஆள். மேசை உள்ள ஆக்கள் மூட்டை தூக்கிறவையோடை சேரிறதில்லை" என்றார் துரைராசா. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அந்த மேசைக்கு மூன்று கால்தான். நான்காவது காலுக்குப் பிஸ்கட் டின் வைத்திருந்தார்.

சம்பள நாள் நெருங்கியது. அன்றைக்கு மழை. நுவரெலியாப் பாதையில் மண் சரிந்து லொறி எங்கேயோ மாட்டிக்கொண்டது. ரயில் வந்தது. அதில் அரிசியும் வரவில்லை, மாவும் வரவில்லை. பங்களாத் துரை ஒருவருக்கு இலவம் பஞ்சு மெத்தை, ஒரு கூடை அப்பளம், கட்டுக் கட்டாகத் துடைப்பம், இப்படிச் சில்லறைச் சாமான்கள்தான். ஆண்டியப்பன் மெத்தையைச் சுருட்டி முதுகில் ஏற்றினார். தண்டவாளம் ஒலித்தது. லொறி நிற்கும் கொட்டகைக்கு வந்தார்கள். லொறி இல்லை.

"இறக்கி வையுங்கோ" என்றார் துரைராசா, இரும்பை ஓங்கியபடி.

"எனக்குப் பாரமா இல்லீங்கய்யா. அப்படியே இருக்கட்டும்."

"ஆண்டியப்பன், நீர் பகிடி விடாதையும். லொறி வர எவ்வளவு நேரமாகுமோ தெரியாது."

"எவ்வளவு நேரமானா என்னங்க? முதுகுல இருக்கிற வரைக்கும் மணி ஓடும். மொதலாளி சட்டம். நான் மீறலாங்களா?"

சொல்லிவிட்டு மெத்தையைக் கயிற்றால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். நின்றபடி கொஞ்ச நேரம் யோசித்தார். உட்கார்ந்தார். பிறகு அப்படியே மல்லாந்தார். மெத்தை முதுகில்தான் இருந்தது. இரண்டு நிமிசத்தில் குறட்டையும் வந்தது.

துடைப்பக் கட்டு பியதாசவிடம் இருந்தது. அவனும் சுமைகாரன், கினிகத்தேனைச் சிங்களவன். தமிழ் அரைகுறை, குறும்பு முழுசு. "எனக்கும் பாரம் நே, ஐயா" என்று துடைப்பத்தோடு சாய்ந்தான். அழகுமுத்து அப்பளக் கூடையைச் சாய்க்க முடியாமல் குனிந்தபடியே செரீபா உம்மாவிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்தான். எவனும் இறக்கவில்லை. துரைராசா ஓங்கிய இரும்போடு நின்றார். சரக்கு இறங்காமல் அடிக்கக் கூடாது. அடிக்காமல் வீட்டுக்கும் போக முடியாது.

செய்தி போய் முதலாளி காரில் வந்து இறங்கினார். அதே நேரம், மழைக்குக் கொழுந்து வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று நாகலெட்சுமியும் வந்து சேர்ந்தாள். புருசனைக் கையும் களவுமாகப் பிடிக்க அவள் காத்திருந்த சந்தர்ப்பம் அது. அவள் கண்ணில் முதலில் பட்டது மெத்தை. அடுத்தது அதன்மேல் புருசன். பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு செரீபா.

"வெக்கங்கெட்ட மனுசா, மெத்தையோடயா வந்திருக்க?"

ஆண்டியப்பன் எழப் பார்த்தார். கட்டியிருந்த மெத்தை விடவில்லை. மல்லாந்த ஆமைபோல் கையையும் காலையும் ஆட்டினார்.

"புள்ள, நான் வேலை செஞ்சுகிட்டு இருக்கேன்."

"இவனைத் தூக்கி வெளியில போடு" என்றார் முதலாளி கிளாக்கரிடம். "இன்னையோட பேரு வெட்டு."

நாகலெட்சுமிக்கு முதலாளி ஒரு பொருட்டே இல்லை. நேரே மேசைக்குப் போனாள். "ஐயா, நீங்கதான மணியடிக்கிறவரு. உங்க புள்ளைங்க மேல ஆணையாச் சொல்லுங்க. இந்த ஆளு எத்தனை மணிக்கு வருவாரு, எத்தனை மணிக்குப் போவாரு?"

துரைராசா முதலாளியைப் பார்த்தார். பிள்ளைகளை நினைத்தார். "விடியக் காலமை வருவார். பொழுதுபட்டாப் பிறகுதான் போவார்."

"நடுவுல எங்க போவாரு?"

"ஒரு இடமும் போறேல்லை. இந்தக் கொட்டகைக்குள்ளைதான் இருப்பார்."

"அப்ப ஏன் ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும் குடுக்குறீங்க?"

"காத்திருக்கிறது வேலையில்ல" என்றார் முதலாளி. "வேணும்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான?"

"போனா வேலை இருக்குமாங்க?"

துரைராசாதான் சொன்னார். "இராது அம்மா. எனக்கும் இராது. ஏறிற அடியிலையிருந்து இறங்கிற அடி வரைக்கும்தான் எனக்கும் சம்பளம். என்ரை மனுசியும் மிச்ச நேரம் எங்கையெண்டு கேக்கிறவ."

கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. துரைராசா இரும்பை மேசைமேல் வைத்தார். பிஸ்கட் டின் நசுங்கி மேசை சாய்ந்தது. "ஆண்டியப்பன், ஏழாவது ஆளா என்ரை பேரைப் போடும்."

"பிரஜாவுரிமை இல்லாத பயலுகளுக்குச் சங்கம் ஒரு கேடா?" என்றார் முதலாளி. தோட்டத்துத் தமிழருக்குப் பிரஜாவுரிமை இல்லாத காலம் அது.

"உரிமைதாங்க இல்ல. முதுகு இருக்குல்ல" என்றார் ஆண்டியப்பன், படுத்தபடியே.

சங்கம் பதிவானது. முதலாளி முறுக்கிப் பார்த்தார். சுமைகாரர்கள் மெத்தை வரும் நாளுக்காகக் காத்திருந்து, வந்தபோதெல்லாம் இறக்காமல் படுத்து, அவரை வழிக்குக் கொண்டுவந்தார்கள். கடைசியில், ஆண்டியப்பனின் வெட்டிய பேர் திரும்பியது; ஆட்கள் கொட்டகைக்கு வந்ததும் ஓர் அடி, வீட்டுக்குப் போகும்போது ஓர் அடி என்று முடிவானது. ஆண்டியப்பன் தலைவர். வீட்டில் அன்று கோழிக்கறி.

மறு மாசம் ரயில் நேரத்துக்கே வந்த ஒருநாள், வேலை சீக்கிரம் முடிந்தது. ஆண்டியப்பன் வழியில் கள்ளுத்தவறணையில் கொஞ்சம் இருந்துவிட்டு, சாவகாசமாக லயத்துக்கு வந்தார். நாகலெட்சுமி வாசலிலேயே நின்றாள்.

"காத்துக்கிட்டு இருந்தேன் புள்ள" என்றார், பழைய பழக்கத்தில்.

"நாலு மணிக்கே அடிச்சாச்சுன்னு கிளாக்கரு பொண்டாட்டி சொன்னாங்க. அதுக்கப்புறம் எங்க இருந்தீங்க, தலைவரே?"

அன்றைக்குத்தான் ஆண்டியப்பன் முதல்முறையாகச் சங்கத்தைத் திட்டினார்.