காங்கேசன்துறையில் பிடிபட்ட ரகசிய ஆயுதங்கள்

அடுத்தவர் பையைக் கிண்டிச் சம்பளம் வாங்குவது என் தொழில். காங்கேசன்துறையில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுபவர்களின் பொதிகளைச் சோதிக்கிறேன். மடித்த உடுப்புகளை ஊர் பார்க்க விரித்துக் காட்டி வயிறெரிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

குடை

பயிற்சி வகுப்பில் பழைய ஒற்றர்களின் ஆயுதங்களைப் படம் படமாகக் காட்டினார்கள். நுனியில் நஞ்சுக் குண்டு வைத்த குடை, உதட்டுச்சாயக் குப்பிக்குள் துப்பாக்கி. அதற்குப் பிறகு குடையோடு வந்தவர்களெல்லாம் எனக்குக் கொலைகாரர்களாகவே தெரிந்தார்கள். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரின் குடையை வாங்கி, பிடியைத் திருகி, பொத்தானை அமத்தினேன். அது படாரென்று விரிந்து என் கண்ணாடியைத் தட்டி விழுத்தியது. அவருடைய மனைவி அமைதியாகச் சொன்னார்: "அந்தக் கம்பியை மாத்துங்கோ, ஆற்றையேன் கண்ணிலை குத்தும் எண்டு இவருக்கு எத்தினை தரம் சொன்னனான்."

புத்தகம்

துப்பறியும் கதைகளில் தடித்த புத்தகத்தின் நடுவை வெட்டித் துப்பாக்கியை ஒளிப்பார்கள். காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரின் சட்டப் புத்தகத்துக்குள், பொதிகளை ஊடுருவிக் காட்டும் திரையில், ஒரு பள்ளம் தெரிந்தது. பதவி உயர்வு நிச்சயம் என்று நினைத்துக்கொண்டு திறந்தேன். உள்ளே ஆறு சுருட்டு. சுருட்டுப் பிடிக்கக் கூடாதென்று டொக்டர் மறித்திருந்தாராம். கூட வந்த மனைவி கணவரைப் பார்க்கவேயில்லை, என்னிடம்தான் சொன்னார்: "இவர் ஏன் கிணத்தடியிலை போயிருந்து படிக்கிறவர் எண்டு இண்டைக்குத்தான் தம்பி விளங்குது."

சத்தகம்

சத்தகம் என்பது பனையோலை வாருகிற சின்னக் கத்தி. ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர் அதைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகியிருந்ததை எங்கள் பெண் உத்தியோகத்தர் கண்டுபிடித்தார். பேய் அண்டாமலிருக்க இரும்பு வைத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கப்பலிலோ கத்தி ஏற்ற முடியாது. முன்பு இரண்டு கரு தங்கவில்லை, மறுநாள் இந்தியாவில் டொக்டரைப் பார்க்கவேண்டும், ஆனால் இரும்பில்லாமல் கடலில் கால் வைக்கமாட்டேன் என்று அழுதார். கணவர் கெஞ்சியும் அசையவில்லை. கப்பல் வெளிக்கிடப் போகிறது. எனக்கு மனம் கேட்கவில்லை. பூட்டிக் கிடந்த என் மேசை இழுப்பு லாச்சிக்கு ஒரேயொரு திறப்பு, நல்ல இரும்புச் சாவி. அதை எடுத்துக் கொடுத்தேன். சத்தகத்தை என்னிடம் விட்டு, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஏறினார்.

பத்தாம் நாள் திரும்பி வந்தார். பிள்ளையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறதாம். எனக்கும் பெரிய ஆறுதல். சத்தகத்தை நீட்டி, திறப்பைக் கேட்டேன். அவர் தலைப்பைப் பொத்திப் பிடித்துக்கொண்டார்: "கத்தியை நீங்களே வைச்சிருங்கோ அண்ணை, பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிச்சுத்தான் திறப்பைத் தருவன்."

ஊரார் பையெல்லாம் திறக்கிற நான், என் லாச்சியைத் திறக்க இப்போது ஒரு பிள்ளை பிறக்கக் காத்திருக்கிறேன்.